கட்டாக்காலியும் ஆகோளும்

‘கட்டாக்காலி’ என்ற சொல்லை அறியாத இலங்கைத் தமிழர் இலர். காலி என்பது மாட்டு நிரையைக் குறிக்கும் பழஞ்சொல். ‘கன்றுகாலி’ என்று நம் முதியோர் வாயில் அது இன்றும் வழங்குகின்றது. கட்டப்படாத காலி கட்டாக்காலி. ஊர்சுற்றும் இளைஞனையும் இதே சொல்லால் ஏசுவது நம் பக்கத்து வழக்கம். சொல்லின் அமைப்பைச் சற்று நோக்குக. கட்டப்படாதது எது என்பதை அது கூறுகின்றது. கட்டாதவன் யார் என்பதைக் கூறவில்லை. கட்டுவதற்கு அவனிடம் நிலம் இருந்ததா என்பதையும் கூறவில்லை. குற்றம் முழுவதும் மாட்டின் தலையிற் சுமத்தப்பட்டுவிடுகின்றது. ஒரு சமுதாயம் தன் பொறுப்பை எங்ஙனம் தட்டிக் கழிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் அன்றாடச் சொற்களிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.

கல்முனை மாநகர சபை எல்லையிலும், அதனைச் சூழ்ந்துள்ள காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் இச்சொல் அடிக்கடி அச்சேறுகின்றது, ஒலிபெருக்கியிலும் ஏறுகின்றது. மாடுகளை வீதியில் விடாதீர், விட்டாற் பிடிக்கப்படும், தண்டம் அறவிடப்படும், உரியவர் வராவிடின் ஏலத்தில் விற்கப்படும் என்பதே அவ்வறிவித்தல்களின் சாரம். இத்தகைய அறிவித்தலை நாம் காதிற் போட்டுக்கொண்டு கடந்து போகின்றோம். ஒரு நாவலையோ கவிதையையோ எடுத்துத் திறனாயும் நாம், நம் வீதியில் நாள்தோறும் முழங்கும் இந்த உரைநடையைத் திறனாய்ந்ததில்லை. அதனை இங்கு செய்து பார்ப்போம்.

பிடிக்கப்படும், அறவிடப்படும், விற்கப்படும் என்பன அதன் வினைகள். மூன்றும் செயப்பாட்டு வினைகள். செய்பவன் மறைந்து நிற்கின்றான். தீனி போடப்படும், பால் கறக்கப்படும், காயத்துக்கு மருந்திடப்படும் என்ற வினைகள் அங்கில்லை. பிடிபட்ட பிராணிக்கும் பசிக்கும் என்பதை அந்த உரைநடை அறியாது.

தமிழ் கற்பிப்போருக்கு இவ்விடத்தில் வேறொரு நூல் நினைவுக்கு வருதல் இயல்பு. பகைவரின் நிரையைக் கவர்தலை வெட்சித் திணையாக வகுத்த தொல்காப்பியர், அதன் துறைகளை வரிசையாகச் சொல்லுமிடத்து, நிரை கொள்ளுதலை ‘ஆகோள்’ என்கின்றார். கொண்டதைப் பங்கிடுதலைப் ‘பாதீடு’ என்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையே ‘நோயின்று உய்த்தல்’ என்றொரு துறையையும் வைத்திருக்கின்றார். கவர்ந்த நிரையை வருத்தமின்றிச் செலுத்திக் கொண்டுவருதல் என்பது அதன் பொருள். கொள்ளையிடப் போனவனுக்குங்கூட, கொள்ளையிட்ட மாட்டை வருத்தாதே என்று ஓர் இலக்கணம் இருந்தது. பழம்பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மாடே செல்வமாயிருந்த காலத்தில், செல்வத்தைச் சேதமின்றி வீடு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு அதனுள் இருந்திருக்கலாம். ஆயினும் அந்தக் கணக்குக்காவது இலக்கணத்தில் ஒரு பெயர் கிடைத்தது. நம் சபைகளின் அறிவித்தல்களில் ஆகோள் உண்டு, பாதீடும் உண்டு, நடுவிலுள்ள துறையைக் காணோம். (இரவோடிரவாக உரியவன் வந்து கயிற்றை அறுத்துத் தன் மாட்டை மீட்டுச் செல்லும் கரந்தைத் திணையும் நம்மூர்களில் நிகழாமலில்லை.)

இந்த உரைநடை எங்கிருந்து வந்தது? சபைச் செயலாளரின் கற்பனையில் அது பிறக்கவில்லை. அதன் தாய் 1876 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம். கோப்பித் தோட்டங்களின் நலனே நாட்டின் நலனாக எண்ணப்பட்ட காலத்தில் எழுந்த சட்டம் அது. பிறர் நிலத்துட் புகுந்த மாட்டைப் பிடிக்கலாம், சேதத்தை மதிப்பிடலாம், ஈடு கேட்கலாம், ஈடு வராவிடின் மாட்டை விற்கலாம் என்பது அதன் போக்கு. நிலமும் பயிரும் ஒரு பக்கம். மாடு என்ற அசையுஞ்சொத்து மறுபக்கம். பயிரிட்டவனைக் காப்பது நியாயமே என்பதை யாரும் மறுக்கார். கதிர் தள்ளும் பருவத்தில் ஓரிரவிற் பத்து மாடுகள் வயலில் இறங்கினால் ஒரு வயற்காரனின் போகமே போய்விடும். அவனுடைய கண்ணீரை மறந்துவிட்டு மாட்டுக்காக வழக்காடுவது போலி மனிதாபிமானம். ஆனாற் சொத்துக்கும் சொத்துக்கும் இடையிலான தகராறாக மட்டும் சட்டம் இதனைக் கண்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பின்னர் வந்தவையும் இவ்வழியினவே. 1893 இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம். 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம். 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமோ விலங்குக்கு வலிக்கும் என்பதை ஒப்புக்கொண்டது. கொடுமை இழைத்தவனுக்கு அது விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா, அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். 1907 இல் நூறு ரூபா ஒரு பெருந்தொகை. இன்று கல்முனைப் பஸ் நிலையத்திலே அந்தப் பணத்துக்கு ஒரு பால் தேநீர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இச்சட்டங்களை நமக்கு எழுதித் தந்த இங்கிலாந்து, 1911 இல் தனக்கென எழுதிக்கொண்ட விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில், 2006 இற் புதிய விலங்கு நலச் சட்டத்தை இயற்றி, வளர்ப்பவன் தன் பிராணியின் தேவைகளைக் கவனிப்பது கடமை என்று விதித்துவிட்டது. வியப்பு யாதெனில், அதே 2006 இல் நம் நாட்டுச் சட்ட ஆணைக்குழுவும் ஒரு விலங்கு நல மசோதாவை வரைந்து கொடுத்தது. பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது சட்டமாகவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் விடுதலையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கின்றோம். வெள்ளைக்காரன் கைவிட்ட சட்டத்தைக் கைவிடுவதற்கு மட்டும் நமக்கு நேரமில்லை.

சட்டத்தை விட்டு இப்போது வீதிக்கு வருவோம். மாடு ஏன் வீதிக்கு வந்தது?

அம்பாறைக் கரையோரத்து மாடு, தொன்றுதொட்டு, வயலோடு ஒரு காலக்கணக்கு வைத்து வாழ்ந்த பிராணி. பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்படும். மாசி, பங்குனியில் அறுவடையாகும். விதைப்புக்கு முன்னர் பட்டிகள் மேற்கே காட்டோரத் தரவைகளுக்குச் சாய்க்கப்படும். அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலுக்குத் திரும்பி, அரிதாளை மேய்ந்து, நிலத்துக்கு எருவும் இட்டுச் செல்லும். போடியாரும் முல்லைக்காரனும் வட்டை விதானையும் பட்டிக்காரனும் இந்தக் கணக்கினுள் தத்தமக்குரிய இடத்தை வகித்தனர். அது பொற்காலமன்று, போடியாரின் பட்டியை மேய்த்தவனுக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டாற் பொற்காலத்தின் நிறம் வெளுத்துவிடும். எனினும் மாட்டுக்கு நிற்க ஓர் இடம் இருந்தது.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது, இங்கினியாகலையில் அணை எழுந்தது, நீர் வந்தது. நீர் வந்ததால் இருபோகம் வந்தது. இருபோகம் வந்தமையால் வயல் மாட்டுக்குத் திறந்திருந்த காலம் பாதியாகக் குறுகியது. மேற்கே இருந்த தரவைகளிற் குடியேற்றங்களும் ஹிங்குராணைக் கரும்பும் வந்தன. பின்னர் யுத்தம் வந்து காட்டுப்பாதைகளை மூடிற்று. யுத்தம் ஓய்ந்த பின்னர், மிஞ்சிய நிலத்தில் வன ஒதுக்கங்களின் எல்லைக்கற்கள் நடப்பட்டன. வட்டமடுவிலே பட்டிக்காரரும் வேளாண்மைக்காரரும் வனத்துறையும் ஒரே நிலத்துக்கு உரிமை கொண்டாடிப் பல்லாண்டுகளாக மோதி வருவதை நாம் அறிவோம். ஏழை பட்டிக்காரனும் ஏழை வயற்காரனும் ஒருவரையொருவர் எதிரியாகக் காண்கின்றனர். நிலத்தை இப்படிப் பங்கிட்டவன் அந்தச் சண்டையில் இல்லை. கடைசியாக அறுவடை இயந்திரம் வந்தது. இயந்திரம் விட்டுச் செல்லும் வைக்கோலைப் பலர் வயலிலேயே எரித்துவிடுகின்றனர். மாடு தின்ன வேண்டியது புகையாகின்றது.

கரையோர ஊர்களிலோ வேலி போடவும் இடமில்லை. பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை ஒரு குறுகிய மணற்கீற்று. 2012 இன் குடிசனக் கணக்கெடுப்பில் அதிலே ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளுக்குப் பின்னர் அந்தக் கீற்றும் உட்புறமாக மேலும் நெருங்கிற்று. வீட்டு முற்றம் சுருங்கியபோது மாட்டுத் தொழுவம் முதலிற் போயிற்று. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் பிரதான வீதியே மாட்டின் தொழுவமாயிற்று. மாரிகாலத்தில் ஊரெங்கும் ஈரம். தார்வீதி மட்டும் உலர்ந்திருக்கும். பகற்சூட்டை அது இரவிலும் வைத்திருக்கும்; காற்று வீசுவதாற் கொசுவும் குறைவு. மாடு அங்கே படுப்பது மதியீனத்தால் அன்று. நம்முடைய நகர அமைப்பைப் பற்றி அது எடுத்திருக்கும் மிகச் சரியான முடிவு அது. மோட்டார்ச் சைக்கிளில் வரும் இளைஞனுக்கு அந்தக் கரிய உடல் இருளிற் புலப்படுவதில்லை. இருவரும் வீதியிற் கிடப்பர். மறுநாள் ஒலிபெருக்கி முழங்கும்.

பிடிபட்ட மாட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். கறவைப் பசு ஒன்று பிடிபட்டு எங்கோ ஒரு முற்றத்திற் கட்டப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். கன்று வீட்டில் நிற்கின்றது. இரண்டாம் நாள் மடி வீங்குகின்றது, கறக்க ஆளில்லை. மடிநோய் கண்டால் அந்தப் பசு இனிக் கறவைக்கே உதவாமற் போகலாம். அதன் சொந்தக்காரி இரண்டு பசுக்களின் பாலை விற்றுப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கும் ஒரு விதவை என்றால், தண்டப்பணத்தைத் திரட்ட அவளுக்கு எத்தனை நாளாகும்? ஒவ்வொரு நாளும் மாட்டின் மதிப்புக் குறையும். அவளது கடன் கூடும். நூறு மாடு வைத்திருப்பவனுக்கு இதே தண்டம் ஒரு வியாபாரச் செலவு. அவன் ஆளை அனுப்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, அதே இரவில் அதே மாட்டை அதே வீதியில் விடுவான். தீனிக்குச் செலவழிப்பதிலும் தண்டம் கட்டுவது அவனுக்கு மலிவு. எல்லோருக்கும் ஒரே தண்டம் என்ற சமத்துவம், உண்மையில் எவ்வளவு சமத்துவமற்றது! தலைக்கு இவ்வளவு என்று எண்ணும் சட்டத்துக்கு, மாட்டின் தலை தெரியும். மாட்டுக்குப் பின்னால் நிற்கும் வர்க்கம் தெரியாது.

மாட்டைப் பிடிக்கப் போகின்றவனையும் மறந்துவிடலாகாது. பகலிற் குப்பை அள்ளிய தொழிலாளியின் கையில் இரவிற் கயிறு கொடுக்கப்படுகின்றது. வெருண்ட எருதை எப்படி அணுகுவது என்று அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. கொம்பு பட்டால் அவனுக்கு. ஊரார் ஏச்சும் அவனுக்கு. அடித்து இழுத்தான் என்று அவனைக் குற்றஞ்சாட்டுவோர், வேறு எப்படிப் பிடிக்கச் சொன்னோம் என்று தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. மாட்டுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த கால்நடை வைத்திய அதிகாரி மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். நாய்க்கடியைக் கவனிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். கயிறு மட்டும் சபையினுடையது. இங்ஙனம், அடக்குவதற்கு ஓர் அலுவலகமும் ஆற்றுவதற்கு வேறோர் அலுவலகமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு கடிதம் போய்வருவதற்குள் மாடு செத்துப்போகலாம்.

போதாக்குறைக்கு, 2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. 2025 மே மாதத்திற் பிற ஊர்களில் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு அது நடைபெறவில்லை. அத்தனை காலமும் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்தானும் இல்லாத சபையாக அது இயங்கிற்று. மனிதனின் குறையைக் கேட்கவே ஆளில்லாத மண்டபத்தில் மாட்டின் குறையை யார் எழுப்புவது?

நாயின் கதை மாட்டின் கதைக்கு மறுதலை. மாட்டுக்கு விலை உண்டு, ஆகவே பிடிப்பார்கள். நாய்க்கு விலை இல்லை. ஆகவே முன்னர் கொன்றார்கள், இப்போது விட்டுவிட்டார்கள். நெடுங்காலமாக நம் உள்ளூராட்சி மன்றங்களின் நாய்க் கொள்கை என்பது சுருக்குக் கம்பியும் நஞ்சும் துப்பாக்கியுமே. அவ்வாறு கொன்றும் நோய் அடங்கியதா? 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் 377 பேர். 1975 இல் நோய்த்தடுப்பைத் தேசியத் திட்டமாக்கி, நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னரே தொகை இறங்கியது. அண்மைய ஆண்டுகளில் அது பெரும்பாலும் இருபது முப்பதளவில் நிற்கின்றது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடல் கடந்த சென்னையிலும் இதே பாடந்தான். அங்கு மாநகராட்சி நூறாண்டுக்கு மேலாக நாய்களைக் கொன்றும் பயன் காணாமல், 1996 இற் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறிற்று.

2006 இல் இலங்கை அரசும் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை மேற்கொண்டது. நல்ல கொள்கை. ஆனாற் கொல்லாமை என்பது பாதிக் கொள்கை. கருத்தடைக்கு மேசையும் மருந்தும் மிருக வைத்தியரும் வேண்டும். ஊசிக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். நகரச் சந்தையின் மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் நாய்க்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். இவை இல்லாத இடத்திற் கொல்லாமை என்பது கவனியாமையின் மறுபெயராகிவிடும். அதன் விலையைக் கொடுப்பவர் யார்? மோட்டார் வண்டியிற் போகின்றவர் அல்லர். விடியற்காலையில் மதரஸாவுக்கு நடந்து போகும் பிள்ளையும், கடற்கரைக்கு வலை இழுக்கப் போகும் கூலியுமே. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும், நோய்க்குறி தோன்றிவிட்டால் மீட்பு அநேகமாக இல்லை என்ற செய்தியை, மாட்டைப் பற்றி முழங்கும் அந்த ஒலிபெருக்கி எத்தனை முறை சொல்லியிருக்கும்?

முஸ்லிம் ஊர்களில் நாயைத் தீண்டுவதற்கு ஒரு தயக்கம் உண்டு. அதன் உமிழ்நீர் நஜீஸ் என்பது நம் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டம். அதை நாம் இங்கு விவாதிக்க வரவில்லை. ஆனால் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு, தாகத்தால் நாவறண்ட நாய்க்குக் கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியாற் கொன்ற பெண்ணுக்கு நரகம் விதிக்கப்பட்டதையும் ஜும்ஆக்களிற் கேட்டே வளர்ந்தவர் நாம். பூனையின் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவள் அதைத் தானும் ஊட்டவில்லை. தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. பிடித்து வைப்பவன் எவனோ அவன் தீனிக்குப் பொறுப்பாளி என்ற சட்டம், 1876 இன் சட்டத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னரே இவ்வூர்களின் மிம்பர்களிற் சொல்லப்பட்டு வந்திருக்கின்றது.

யானைக்கு வருவோம். அட்டாளைச்சேனைப் பிரதேச சபை எல்லையில், ஒலுவில் அஷ்ரப் நகருக்கு அப்பால், பள்ளக்காடு என்றோர் இடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008 இல் அங்கே கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது, மீள்சுழற்சி நடைபெறவில்லை. 2014 இல் அதன் மின்வேலியை இடி தாக்கிற்று. அது திருத்தப்படவில்லை. வேலியில்லாத குப்பைமேட்டுக்கு யானைகள் வந்தன. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, எட்டாண்டுகளில் அவ்விடத்திற் பிளாஸ்ரிக்கைத் தின்று இறந்தவை ஏறத்தாழ இருபது என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது பொலித்தீன், உணவு சுற்றிய உறை, செரிக்காத குப்பை, நீர். யானை இயல்பாக உண்ணும் உணவு எதுவும் இல்லை. 1937 இலிருந்து நம்மிடம் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. யானையைச் சுட்டவனைச் சிறையிலிடலாம். பொலித்தீன் ஊட்டிக் கொன்றால் வழக்கு யார் மீது? குப்பை சபைகளுடையது, யானை வனசீவராசிகள் திணைக்களத்துடையது, வேலி இடியினுடையது போலும்.

அந்த ஒலுவிற் பகுதியிலேதான் 1995 இல் நிறுவப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. பள்ளக்காட்டு யானையைப் பற்றி அயல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு நம் இலக்கிய ஏடுகள் எழுதவில்லை. கடலையும் வயலையும் நிலவையும் பாடிச் சலிக்காத நம் கவிஞர்களுக்குக் குப்பைமேடு இன்னும் பாடுபொருளாகவில்லை. மண்வாசனை என்பது மண்ணில் இப்போது வீசும் வாசனையையும் உள்ளடக்கியதுதானே!

இவ்வளவும் சொல்லும்போது ஒரு குரல் குறுக்கிடும். அது நியாயமான குரலும்கூட. ‘விலங்கின் மீது இரக்கம் என்ற பேச்சை எடுத்தவர்கள் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதை மறந்துவிட்டீரா?’ மறக்கவில்லை. 2013 இன் ஹலால் எதிர்ப்புக் கூச்சலோடு சேர்ந்து மாட்டிறைச்சிக் கடைக்கு எதிரான கூச்சலும் எழுந்தது. 2020 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ மாடறுப்புத் தடையை முன்மொழிய, அமைச்சரவை அதற்குக் கொள்கையளவில் இணங்கிற்று. அதே முடிவில், உண்போருக்கு வேண்டிய மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவது என்றும் இருந்தது! மாட்டின் உயிர் புனிதமென்றால் அயல்நாட்டு மாட்டின் உயிருக்கு என்ன குறை? கறவை வற்றிய மாட்டை விற்க முடியாமற்போகும் சிறு பட்டிக்காரன் அதனை எங்கே விடுவான்? வீதியிலேதான். 1893 ஆம் ஆண்டின் சட்டத்தையும் 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தையும் அதற்காகத் திருத்தப்போவதாக 2021 அக்டோபரில் மீண்டும் அறிவித்தார்கள், நிறைவேற்றவில்லை. இரக்கம் அங்கே இனவாதத்தின் முகமூடியாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் முகமூடியைக் கண்டு அஞ்சி, முகத்தையே வேண்டாமென்று சொல்லலாமா? இரக்கத்தை இனவாதிக்குச் சொத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு, நாம் வெறும் உரிமையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது தோல்வி. ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி, திரும்பவும் இடமில்லாத லொறியில், வால் முறுக்கப்பட்டு, நீரின்றி மாடுகள் கொண்டுவரப்படும்போது, வழியிற் பொலிஸார் மறித்தாற் பேச்செல்லாம் அனுமதிப்பத்திரத்தைப் பற்றியதாகவே இருக்கின்றது. பத்திரம் சரியென்றால் லொறி போகலாம். அறுப்பதற்கு முன் கத்தியைத் தீட்டிக்கொள், ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றதை அறுக்காதே என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றதே, அந்தக் கட்டளை லொறிக்குப் பொருந்தாதா? இறைச்சிக் கடைகளை ஆண்டுதோறும் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறுகின்ற சபைகள், அறுக்கும் இடத்தில் நீரும் நிழலும் உண்டா என்று பார்ப்பதைக் குத்தகையின் நிபந்தனையாக்கினால், வெளியிலிருந்து எவனும் வந்து நமக்கு இரக்கம் போதிக்க இடமிராது.

கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அசைத்த கதையைச் சோழனுக்கும் சொல்கின்றார்கள். மகாவமிசம் அதனையே எல்லாள மன்னனுக்குச் சொல்கின்றது. இரண்டிலும் அரசன் தன் மகனைத் தேர்க்காலிலிட்டு நீதி செய்கின்றான். பெரியபுராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றை எழுப்பித் தருகின்றான். மகாவமிசத்தில் அதுவும் இல்லை. தண்டனையின் பெருமையைப் பாடிய கதைகள் அவை. மடி கனத்து நின்ற அந்தப் பசுவை அன்றிரவு யார் கவனித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அரண்மனை மணி இன்று பிரதேச சபையின் தொலைபேசியாகிவிட்டது. தண்டம் இன்றும் தயாராக இருக்கின்றது.

செய்யக்கூடியது பெரிதொன்றுமன்று. மாநகர சபைகளுக்கு 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் சட்டமும் உப விதிகளை ஆக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கின்றன. நிழலும் நீரும் வைக்கோலும் உள்ள ஒரு பட்டி. கறவை மாட்டைக் கறக்க ஓர் ஆள். பிடித்த இருபத்துநான்கு மணி நேரத்துள் கால்நடை வைத்தியரின் பார்வை. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்போருக்கு ஒரு தண்டமும் பெரும்பட்டிக்காரருக்குப் பன்மடங்கு தண்டமும். பிடிக்கப் போகும் தொழிலாளிக்குப் பயிற்சியும் காப்புறுதியும். இவற்றை எழுதப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. வயலில் எரியும் வைக்கோலைக் கட்டாகக் கட்டிச் சேர்த்தாலே தீனிக்குப் பாதி வழி பிறக்கும். மேய்ச்சற்றரை பற்றிய பெரிய வழக்கு வேறு. அதனைக் கல்முனை மட்டும் தீர்க்க முடியாது.

முதலிற் கணக்கைக் கேட்க வேண்டும். கடந்த ஆண்டிற் பிடிபட்ட மாடுகள் எத்தனை, அவற்றுள் சபையின் காவலில் இறந்தவை எத்தனை, அறவிட்ட தண்டத்தில் வைக்கோலுக்குச் சென்றது எவ்வளவு, எத்தனை நாய்களுக்கு ஊசி போடப்பட்டது, பள்ளக்காட்டு வேலிக்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று எழுத்திற் கேட்பதற்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் வழி செய்திருக்கின்றது. தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். குடியியலோ தமிழோ கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், அந்த விண்ணப்பத்தைத் தம் மாணவரோடு சேர்ந்து ஒரு பாட நேரத்திலேயே எழுதி முடிக்கலாம்.